மோலி மீனுக்கு உப்புத் தண்ணி கேட்டேன்

மூணாறுக்குப் பக்கத்தில், சித்திரபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் தங்கள் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள். மலையிலிருந்து நேரே வருகிறது, மருந்து கலப்பில்லை, பருப்பு போட்டதும் வெந்துவிடும், தலைக்கு ஊற்றினால் சிக்கே விழாது. வருகிற விருந்தாளியிடம் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர் ஆகா என்று சொல்லும்வரை உட்காரச் சொல்லவும் மாட்டார்கள். அந்தத் தண்ணீரில்தான் என் மோலி மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

மீன்கள் என் பிறந்த வீட்டிலிருந்து வந்தவை. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தில் போர் தண்ணீர் விழுவதற்கென்று ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. அதில் விழுந்து நிறைந்துதான் தண்ணீர் தென்னைக்குப் போகும். கொசு வராமலிருக்கட்டும் என்று என் தம்பி எப்போதோ வாங்கி விட்ட நாலைந்து மோலிகள் அதில் பெருகிப் பெருகி, கறுப்பும் ஆரஞ்சும் புள்ளி போட்டதுமாகத் தொட்டியே அலையாகக் கிடக்கும். யாரும் தீனி போடுவதில்லை. வெயில் நேராக அடிக்கும், சுவரெல்லாம் பாசி, விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். சோப்பே நுரைக்காத அந்தத் தண்ணீரில் அவை ராஜா மாதிரி வாழ்ந்தன.

போன கோடை விடுமுறையில் என் மகள் அந்த மீன்தான் வேண்டுமென்று தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அம்மாதான் அரிசி அரிக்கும் வலையால் அள்ளிக் கொடுத்தாள். அள்ளும்போது அவள் குனியவில்லை. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி, உடம்பு ஒரே பலகையாகக் கீழே இறங்கியது. எனக்கு அது புதிதில்லை. அதற்கு முன்பே அவளைப் பாலக்காட்டில் ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தோம்.

அந்த டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வியே, என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதுதான். போர் தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடு எலும்பில் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது, இடுப்பும் முதுகும் இறுகிவிட்டன, இறுகியதை எந்த மருந்தாலும் இளக்க முடியாது என்றார். இப்போதே குடிக்கிற தண்ணீரை மாற்றினால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், மாற்றாவிட்டால் அடுத்தது கழுத்து என்றார். ஏதோ பஸ் நிறுத்தத்தைச் சொல்வதுபோல் அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அன்றைக்கே தம்பியோடு சண்டை போட்டு, மறுவாரமே வீட்டில் பில்டர் மாட்டவைத்தேன். அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் என் கையில் நல்ல தண்ணீர்தான் வந்தது. உப்பு வாடையில்லாத அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம், அம்மாவின் கழுத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று மனதுக்குள் ஒரு நிம்மதி. உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் பெருமையும்தான்.

அந்தப் போர் தண்ணீர் மேல் எனக்குத் தனிப்பட்ட வன்மமும் உண்டு. என் முன்பற்கள் நான்கிலும் பழுப்புக் கோடு. எத்தனை தேய்த்தாலும் போகாது. காதல் கல்யாணம் முடிந்து, அந்தச் சண்டைகளெல்லாம் ஒருவாறு அடங்கி, முதல்முறையாக இந்த மலைக்கு வந்தபோது மாமியார் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ஏ தாயி, பொகையில போடுவியா?" என்பதுதான். தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், சூதுவாது தெரியாதவர். நான் பதறிப்போய், "இல்லீங்கத்தை, எங்க ஊருத் தண்ணி அப்படி" என்றேன். தண்ணீர் பல்லைக் கெடுக்குமா என்று அவர் வாய்மேல் கை வைத்துக்கொண்டார். நான் வேலை பார்ப்பதோ ஒரு ரிசார்ட்டின் வரவேற்பில், வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் வேலை. இத்தனை வருஷமாக உதட்டை மூடிக்கொண்டே சிரித்துப் பழகியிருக்கிறேன்.

ஆகவே மோலிகளை மலைக்குக் கொண்டுவந்தபோது எனக்கு இருந்த எண்ணம் இதுதான்: பாவப்பட்ட ஜீவன்கள், பிறந்ததிலிருந்து அந்தச் சனியன் பிடித்த தண்ணீரில் கிடந்தவை, இனியாவது நல்ல தண்ணீரைப் பார்க்கட்டும். கண்ணாடித் தொட்டி வாங்கினோம். எங்கள் வீட்டுக்கு ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் குழாயில் தண்ணீர் வருகிறது. தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஒரு ஓஸ் உண்டு, யார் ஓஸ் யார் ஓஸுக்கு மேலே போகிறது என்பதில் தகராறும் உண்டு. அந்த ஓஸிலிருந்து நேரே தொட்டிக்குப் பிடித்தோம். என் மாமியாருக்கு மீன் மேல் அப்படி ஒரு பிரியம். காலையில் எழுந்ததும் பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவார். நேற்றுப் பிடித்த தண்ணீரை மனுஷன் குடிப்பானா, மீன் மட்டும் ஏன் குடிக்கவேண்டும் என்பது அவர் நியாயம். நானும் அதை ரொம்பச் சரி என்றே நினைத்தேன்.

ஒரு வாரத்தில் மீன்கள் ஆட ஆரம்பித்தன. நீந்தவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, உடம்பை மட்டும் இப்படியும் அப்படியும் நெளித்தன. முன்னால் ஓர் அங்குலம்கூடப் போகவில்லை. மகள் அவை டான்ஸ் ஆடுகின்றன என்றாள். மாமியார் குளிர் என்றார். சித்திரபுரத்துக் குளிர் தெரிந்ததுதானே, மகள் தன் கம்பளி மப்ளரைத் தொட்டிக்குச் சுற்றிவிட்டாள். மறுநாள் காலையில் இரண்டு மீன் அடியில் கிடந்தன.

அடிமாலியில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் நான் முழுதும் சொல்லி முடிக்கும் முன்பே ஒரு நீல மருந்தை எடுத்து வைத்தார். "டெய்லி வெள்ளம் மாற்றணும் சேச்சி, நல்ல வெள்ளம் ஊத்தினாப் போதும்" என்றார். அவர் மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். தினமும் மாற்றுகிறோமே என்றேன். அப்படியானால் இரண்டு வேளை மாற்றுங்கள் என்றார். நானும் நம்பி இரண்டு வேளை மாற்றினேன். சாவு இரண்டு மடங்கானது.

பிறகுதான் கைபேசியை எடுத்துவைத்துக்கொண்டு ஒழுங்காகப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது. மோலிக்கு வேண்டியது கடினமான தண்ணீர். சுண்ணாம்புச் சத்தும் மற்ற உப்புகளும் கரைந்த தண்ணீர், புளிப்புத் தன்மை இல்லாத காரத் தண்ணீர், கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். கொஞ்சம் கல்லுப்பு இருந்தால் இன்னும் நல்லது. மழைநீர் மாதிரி மென்மையான, குளிர்ந்த தண்ணீரில் அதன் உடம்பு தன் உப்பைக் காத்துக்கொள்ள முடியாமல் நரம்பு தளர்ந்து நின்ற இடத்தில் நடுங்கும். ஆட்டமே அதுதான் என்று எழுதியிருந்தது. மாற்ற மாற்ற இன்னும் சீக்கிரம் சாகும். அதாவது நாங்கள் தினமும் காலையில் பாசத்தோடு ஊற்றியது விஷம் அல்ல, தண்ணீர். வெறும் நல்ல தண்ணீர்.

நம்ப முடியாமல், தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து ஒன்று வரவழைத்தேன். ஒரு குப்பித் தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கவேண்டும். நிறம் மாற எத்தனை சொட்டு ஆகிறதோ, தண்ணீர் அந்த அளவுக்குக் கடினம். எங்கள் ஓடைத் தண்ணீரில் முதல் சொட்டிலேயே மாறிவிட்டது. இந்தத் தண்ணீரில் ஒன்றுமே இல்லையே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மாமியாருக்கு வந்ததே கோபம். "ஒண்ணுமில்லாமத்தான் இத்தன சனம் குடிச்சு உசுரோட கெடக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

ஹீட்டர் வாங்கிப் போட்டேன். சினையாக இருந்த பெரிய கறுப்பு மோலியையும் இன்னும் இரண்டையும் பிரித்துத் தனி வாளியில் விட்டேன். ராத்திரி சாப்பிடும்போது கணவரிடம், இதுகளுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமாம், கடையில் கிளிஞ்சல் தூள் கிடைத்தால் வாங்கி வாருங்கள் என்று சொன்னேன். அவர் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர், நாலு ஊர் போய் வருகிறவர். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால், தொட்டி மோர் கரைத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. மாமியார் முற்றத்தில் திருப்தியாக உட்கார்ந்திருந்தார். "சுண்ணாம்பு வேணும்னு சொன்னேல்லா தாயி, அதான் என் டப்பாவுல இருந்ததப் பூராக் கரைச்சு விட்டிருக்கேன். நயஞ் சுண்ணாம்பு, வாய் பொத்துப்போகாது" என்றார். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு! கையை விட்டுத் துழாவினேன். கையில் அகப்பட்டதெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு விறைத்துக் கிடந்தது. தொட்டியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் கத்தியிருப்பேன், கத்துவதற்கு வாயைத் திறந்தும் விட்டேன். அதற்குள் அவர் என் கையைப் பார்த்துவிட்டார். "அய்யோ, நானா கொன்னுட்டேன்?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் வெற்றிலையைத் தொடவே இல்லை, அதற்குமேல் நான் என்ன சொல்ல?

மிச்சம் இருந்தது வாளியிலிருந்த மூன்றுதான். சரி, இனிமேல் ஆராய்ச்சியே வேண்டாம், அவை பிறந்த தண்ணீரையே கொண்டுவந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஒரு தொட்டிக்கு இரண்டு கேன் போதும். கணவர் உடுமலைக்கு ஒரு குடும்பத்தை இறக்கிவிடப் போவதாக இருந்தது. தம்பியும் அன்றைக்கு லீவில் சந்தைக்கு அங்கே வருவான். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, நம்ம போர் தண்ணி ரெண்டு கேன் புடிச்சுத் தம்பிகிட்டக் குடுத்து உடு. உடுமலையில அவரு வாங்கிக்குவாரு."

"உப்புத் தண்ணியா? அது எதுக்கு அம்முணி?"

"மீனுக்கும்மா. இங்கத்த தண்ணி அதுகளுக்கு ஆவறதில்லை. நம்ம தண்ணியிலதான் அதுகளுக்கு வேண்டிய சத்து இருக்குதாமா."

"மீனுக்கு நல்ல தண்ணி ஆவறதில்லையா?" என்றாள். பிறகு, "செரி சாமி, குடுத்து உடறேன்" என்றாள்.

கேன்கள் வந்து சேர்ந்தன. கணவர் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார். சின்னாறு செக்போஸ்ட்டில் காவலர் கேனைப் பார்த்துவிட்டு சாராயத்துக்கு ஸ்பிரிட் கடத்துகிறான் என்றே முடிவு செய்துவிட்டாராம். எங்கள் பக்கத்திலிருந்து கேனில் வருவது பெரும்பாலும் அதுதான், அவரைக் குறை சொல்ல முடியாது. மூடியைத் திறந்து மோந்து, விரலை விட்டு நக்கி, அப்புறம் ஒரு வாய் குடித்தும் பார்த்தாராம். "இது நல்ல பச்ச வெள்ளமாணல்லோ! மூணாறிலேக்கு ஆரெங்கிலும் வெள்ளம் கொண்டுபோவுமோ?" நல்ல தண்ணியல்லவா இது, மூணாறுக்குப் போய் யாராவது தண்ணி கொண்டுபோவார்களா என்று கூட இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாராம். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமியார் மட்டும், "நல்ல தண்ணின்னா சொன்னான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அந்த நேரத்தில் நான் காதிலேயே வாங்கவில்லை.

தொட்டியை ஏழு தண்ணீர் ஊற்றிக் கழுவி, கேன்களைக் கவிழ்த்து, ஹீட்டரைப் போட்டு, வெதுவெதுப்பானதும் மூன்று மீனையும் விட்டேன். விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இனிமேல் பிழைத்துவிடும், கறுப்பு குட்டி போட்டுவிடும் என்று மகளிடம் சத்தியமே செய்துவிட்டேன். மறுநாளே இரண்டு சாய்ந்துவிட்டன. கறுப்பு மட்டும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மூலையில் நின்று முன்னைவிட மோசமாக ஆடிற்று.

கோபத்தில் சொட்டு மருந்தை எடுத்து அந்தத் தண்ணீரைச் சோதித்தேன். ஒரு சொட்டுதான் விட்டேன். நிறம் மாறிவிட்டது. கெட்டில் அடியில் வெள்ளையாக ஏடு கட்டுகிற எங்கள் போர் தண்ணீர், ஓடைத் தண்ணீரைப்போலவே வெறுமையாக இருக்கிறது! குப்பியைக் கழுவி மறுபடி பார்த்தேன். மறுபடியும் ஒரே சொட்டு.

நேரே கணவரிடம் போனேன். "ஏனுங்க, நெசமாச் சொல்லுங்க. கேனை வழியில கொட்டிப்போட்டு அருவியில புடிச்சுட்டு வந்துட்டீங்களா?"

அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு, "எதுக்குட்டி நான் கொட்டப் போறேன்?" என்றார்.

"போலீஸ்காரன் குடிச்சுக் காலி பண்ணிட்டான்னு மறைக்கறீங்களா?"

"அவன் ஒரு வாய்தான் குடிச்சான். நீ என்ன, தண்ணிய நான் கடத்திப்புட்டேங்கியா? உங்க அம்மாட்டயே கேளு" என்று கத்திவிட்டு வாயைக் கொப்பளித்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற நிலையில் நான் இல்லை.

அம்மா போனை எடுக்கவில்லை. தம்பி மனைவிக்குப் போட்டேன். அவளும் தம்பியும் கஞ்சிக்கோட்டில் ஒரே கம்பெனியில் வேலை. காலையில் போனால் பொழுது சாயத்தான் வீடு திரும்புவார்கள், சாப்பாடும் தண்ணீரும் அங்கேயேதான். நல்ல பெண், என்னிடம் மறைக்கத் தெரியாதவள்.

"தண்ணிய எங்க புடிச்சே கண்ணு?" என்றேன்.

"நா எங்கீங்கண்ணி புடிச்சேன்? அத்தைதான் புடிச்சாங்க. பில்டர்கிட்டயே உக்காந்துட்டு, ரெண்டு கேனு ரொம்பற வரைக்கும் எந்திரிக்கவே இல்லீங்க."

"பில்டரா? நா போர் தண்ணியல்ல கேட்டேன்!"

"நானும் அதைத்தானுங்க சொன்னேன். மாப்பிள்ளையூட்டுக்கு உப்புத் தண்ணிய யாராச்சும் குடுத்து உடுவாங்களான்னு அத்தை வெய்யறாங்க. மீனுக்குன்னு சும்மா சொல்றா, ஊட்டுத் தண்ணி குடிக்கோணும்னு ஆசையாட்ட இருக்குது, கேக்கறதுக்குக் கூச்சப்படறாங்கறாங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சரி, மர்மம் தீர்ந்தது, போனை வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் அதோடு நிறுத்தியிருந்தால் வைத்திருப்பேன்.

"மொதல்ல வந்த தண்ணி ஒரு மாதிரி வாசமடிச்சுதுங்க. நீங்க லீவுக்கு வந்துட்டுப் போனதுக்கப்பறம் அதைப் போடவே இல்லீங்களா, அதனால. கொஞ்ச நேரம் ஓட உட்டதும் செரியாயிருச்சு."

"போடவே இல்லையா?"

வேலைக்கு நேரமாச்சுங்க என்று அவள் போனை வைக்கப் பார்த்தாள்.

"அப்ப அம்மா இத்தன நாளா என்ன தண்ணி குடிக்குது?"

"அது... போர் தண்ணிதானுங்கண்ணி. நாங்க சொன்னா எங்கீங்க கேக்கறாங்க? நீங்க வந்தாத்தான் போடறது. மாட்டுன நாள்ல இருந்தே அப்படித்தானுங்களே."

நான் எத்தனை தடவை ஊருக்குப் போயிருப்பேன்! போகும்போதெல்லாம் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் திரும்பியிருக்கிறேன். அது அம்மாவுக்காக மாட்டியது. அவர்கள் அதை எனக்காக வைத்திருந்தார்கள், விருந்தாளி வந்தால் எடுக்கிற நல்ல தட்டு மாதிரி. அந்த வீட்டில் நான் விருந்தாளியாகிவிட்டேன் என்பதே எனக்குத் தெரியாது. அதைவிட, டாக்டர் சொன்ன கழுத்து! நான் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த கழுத்து.

அன்றைக்கே லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். யாரிடமும் வருவதாகச் சொல்லவில்லை. சொன்னால் நான் போய்ச் சேர்வதற்குள் பில்டர் ஓடிக்கொண்டிருக்கும். மறையூர் தாண்டும்போது மகள் போன் செய்து, கறுப்பு மீன் குட்டி போடாமலே செத்துவிட்டது என்று அழுதாள். சத்தியம் செய்தாயே என்றாள். நான் என்ன சொல்லிச் சமாதானம் செய்தேன் என்று ஞாபகமில்லை. உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கும்போது நல்ல வெயில்.

அம்மா வீட்டில் தனியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "என்ன சாமி, சொல்லாமக் கொள்ளாம?" என்றபடியே என் பையை வாங்கி வைத்துவிட்டு, நேரே அடுப்படிக்குப் போய் முதல் வேலையாக என்ன செய்தாள் தெரியுமா? பில்டரின் உறையைக் கழற்றினாள். அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். பில்டரின் நெற்றியில் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்தன. சுற்றிவைத்திருந்த ஒயரைப் பிரித்துச் சுவிட்சைப் போட்டாள். "சித்தெ இரு, நல்ல தண்ணி தாரேன்."

"அதை நிறுத்தும்மா. நீ குடிக்கறயே, அதைக் குடு."

"உனக்கெதுக்கு அது?"

"உனக்கெதுக்கு அது? அதைச் சொல்லு மொதல்ல."

அவள் பில்டரின் கழிவுக் குழாயைக் காட்டினாள். "இங்க பாரு. ஒரு கொடம் நல்ல தண்ணி வர்றதுக்குள்ள ரெண்டு மூணு கொடம் சும்மா வெளிய போவுது. பக்கத்துத் தோட்டத்துல போருல தண்ணி அத்துப்போயி லாரித் தண்ணி ஊத்தறாங்க. நா ஒருத்தி குடிக்கறதுக்கு இத்தனையும் சாக்கடையில உட்டுட்டுப் பாத்துட்டு இருக்கச் சொல்றயா? எனக்கு அந்தத் தண்ணி தொண்டையில எறங்காது."

"மீனுக்கு ரெண்டு கேன் புடிச்சயே, அப்ப மட்டும் போகலையா?"

"அது உனக்குன்னு புடிச்சது. வெளிய போனதையும் நா உடலையே. குண்டாவுல புடிச்சுத் தென்னம்புள்ளைக்கு ஊத்திப்போட்டேன்."

"ஆரு தூக்கி ஊத்துனா?"

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். அந்த முதுகோடு அவளேதான் அத்தனை தண்ணீரையும் சுமந்திருக்கிறாள், கடைசியில் மூன்று மீன் செத்ததுதான் மிச்சம். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ கத்தினேன். எக்ஸ்ரேயைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன், உனக்கு அது விஷம் என்றேன். அவள் அசரவில்லை.

"நீயேதானே சொன்னே, அந்தத் தண்ணியிலதான் சத்து இருக்குதுன்னு. மீனுக்கு ஆவறது எனக்கு ஆவாதா?"

"மீனுக்கு வேற, மனுசனுக்கு வேறம்மா! பேசாம எங்கூடக் கெளம்பு. அங்க பில்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஓஸுல வருது."

"என்னையும் கேன்ல ஊத்தி எடுத்துட்டுப் போகப் போறயா?" என்று சிரித்தாள். "அந்தத் தண்ணியில மீனே பொழைக்கல."

வீட்டு விஷயத்தில் அவளைப் பேசி ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது. நான் பேச்சை விட்டுவிட்டு, பில்டரிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து அவள் முன்னால் நீட்டினேன். "குடி."

"வெச்சுட்டுப் போ, அப்பறமாக் குடிக்கறேன்."

"என்ற கண்ணு முன்னால குடி. குடிச்சாத்தான் நா பேசுவேன்."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். எதற்குத் திரும்புகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தேன். டம்ளரை உதட்டில் வைத்து, குழந்தைகள் குடிக்கிற மாதிரி, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

என் அம்மா டம்ளரில் வாய் வைத்து நான் பார்த்ததே இல்லை. காப்பியைக்கூட அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வாள். எச்சில் பண்ணினால் முதுகில் ஒன்று வைப்பாள். அதற்குப் பயந்தே, இன்றைக்கும் மலையில் எல்லோரும் வாய் வைத்துக் குடிக்கும்போது நான் ஒருத்தி மட்டும் தூக்கி ஊற்றிக்கொண்டு கேலி வாங்குகிறேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எங்களைச் சாப்பிடவைத்துவிட்டுத் தான் அப்புறம் தனியாகச் சாப்பிடுவாள். அது அவள் வழக்கம் என்று விட்டிருந்தேன்.

"அண்ணாந்து குடிம்மா" என்றேன்.

"இப்படியே எறங்குது, உடு."

"அம்மா, மேல பாரு. ஒருக்கா மேல பாரு."

"மேல என்ன இருக்குது?"

அடுப்படி வாசலுக்கு நேரே நின்ற தென்னையைக் காட்டினேன். "அந்தத் தேங்காக் கொலை முத்தீருச்சா பாரு."

அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தாள். மரத்தடியில் நின்று ஒரு கணம் தூரைப் பார்த்தாள். பிறகு மரத்துக்கு முகம் காட்டியபடியே, கையால் பின்னால் துழாவிக்கொண்டு, மெல்லப் பின்னால் நடந்தாள். அவள் பார்வைக்குத் தூர் தாண்டி நடுமரம் வந்தது, இன்னும் பின்னால் போனாள். தொட்டிச் சுவரில் முதுகு இடித்தபோது, அதைத் தடவிச் சுற்றிக்கொண்டு இன்னும் பின்னால் போனாள். கழுத்து வளையவில்லை, முகம் நிமிரவே இல்லை. குலை கண்ணுக்குத் தெரியும் தூரம் வரும்வரை போய்க்கொண்டே இருந்தாள்.